தும்மினால் கசிகிறது, கர்ப்பப்பையை எடுத்தால் தீருமா?

கேள்வி: பேரணாம்பட்டு வாசகி, 2025 மார்ச் 12

வயது 36. இரண்டு பிரசவம். மூத்தவன் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை, இளையவள் சுகப்பிரசவம். தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது. குடம் தூக்கினால் கேட்கவே வேண்டாம். ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்’ என்கிறார் மாமியார். ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். சித்தி மகளோ பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறாள். அது முழங்கால் வலிக்கும் பக்கவாதத்துக்கும் அல்லவா? கரண்ட் வைத்தால் கசிவு நிற்குமா? எனக்கென்னவோ வீண் செலவு என்றுதான் படுகிறது.

மார்ச் 12, இரவு

கசிவுக்காக மட்டும் என்றால் எடுக்காதீர்கள்.

சிறுநீர் தங்குவது சிறுநீர்ப்பையில். அதன் வாயை மூடிப் பிடிப்பது சிறுநீர்க் குழாயும் அதன் அடியில் நிற்கும் தசைகளும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இவற்றில் எது பலப்படும்? கர்ப்பப்பையை எடுத்த பெண்களுக்குப் பின்னாளில் கசிவுக்கென்று தனி அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது என்று ஸ்வீடனில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். கட்டி, அடங்காத இரத்தப்போக்கு, புற்றுநோய்ச் சந்தேகம் என்று வேறு காரணம் சொல்லியிருந்தால் அது வேறு பேச்சு. சொன்னார்களா என்று எழுதுங்கள்.

நான் டாக்டர் இல்லை. காட்பாடிப் பக்கம் பள்ளி ஆசிரியை. இளையவன் பிறந்த பிறகு எனக்கும் இதே கதைதான். காலை வழிபாட்டில் தும்மல் வந்தால் கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பேன். வெளிர் நிறச் சேலை கட்டுவதையே விட்டிருந்தேன். எனக்குப் பலன் கொடுத்தது பிசியோதெரபிதான்.

மார்ச் 13

கரண்ட் வைப்பதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு எழுத மறந்தது. இடுப்பின் அடியில் முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்புவரை ஒரு தசைப் படுகை இருக்கிறது. உத்தரத்தில் கட்டிய தூளி பிள்ளையைத் தாங்குகிறதே, அப்படிச் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அது கீழிருந்து தாங்குகிறது. கர்ப்பத்தின் பாரத்திலும் பிரசவத்திலும் அது நைந்துபோகிறது. ஆயுதம் போட்ட பிரசவத்தில் கூடுதலாகவே. மற்றத் தசைகளைப் போலவே இதையும் பயிற்சியால் பலப்படுத்தலாம். இடுப்புத் தளப் பயிற்சி என்பது இதுதான். பெரும்பாலானவர்களுக்குக் கரண்ட் தேவைப்படுவதே இல்லை. தசையைச் சுருக்கவே வராதவர்களுக்குத்தான் சிலசமயம் வைக்கிறார்கள்.

புதிய வைத்தியமும் இல்லை. அமெரிக்காவில் ஆர்னால்ட் கெகல் என்ற பெண்கள் நல மருத்துவர் 1948இலேயே எழுதிவைத்துவிட்டார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வில், தும்மல் இருமலில் கசியும் பெண்களில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமாகிவிட்டது என்றார்கள். செய்யாதவர்களில் 6 பேர். வீண் செலவா என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் 15

‘சிசேரியன் ஆனவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது’ என்று இந்த இணைய இழையில் எழுதிய சத்துவாச்சாரி அக்காவுக்கு: வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். ஒன்பது மாதம் பாரத்தைத் தாங்கியது அதே தசைதானே. எங்கள் பள்ளியில் இரண்டு சிசேரியன் ஆன ஆசிரியை ஒருவர் மாடிப்படி இறங்கும்போது சிரிக்கவே மாட்டார். கர்வம் பிடித்தவர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

முதல்முறை போனால் என்ன செய்வார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கூச்சப்படுபவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

முதலில் பேச்சு. எத்தனை பிரசவம், தையல் எவ்வளவு, எப்போது கசிகிறது, மலச்சிக்கல் உண்டா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள். பிறகு திரை போட்ட கட்டில். பெண் பிசியோதெரபிஸ்ட். கையுறை போட்டு, உள்ளே ஒரு விரல் வைத்துப் பார்க்கலாமா, வேண்டாம் என்றால் வெளியிலிருந்தே பார்க்கிறேன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ‘சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதாக நினைத்துக்கொண்டு உள்ளே மேலே இழுங்கள்’ என்றார். நான் இழுத்தேன். பிட்டம் இறுகியது, தொடை இறுகியது, புருவம்கூட ஏறியது, மூச்சு நின்றது. அந்தத் தசை மட்டும் அசையவில்லை. இன்னொரு கையை என் வயிற்றின்மேல் வைத்து, ‘டீச்சர், மூச்சை விடுங்கள், விட்டுக்கொண்டே இழுங்கள்’ என்றார். சிறிது நேரம் கழித்து ‘ஆ, இதுதான்’ என்றார். என்ன செய்தேன் என்று எனக்கே விளங்காத அளவுக்கு அது சின்ன அசைவு.

இதனால்தான் வீடியோவை மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்வது பலருக்குக் கடினம் என்கிறேன். மேலே இழுப்பதாக நினைத்துக் கீழே முக்குகிறவர்கள் நிறைய என்று அவர் சொன்னார். முக்கினால் கசிவு கூடத்தான் செய்யும்.

மார்ச் 17

யாரோ ‘தினமும் சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுங்கள், அதுதான் பயிற்சி’ என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க எப்போதாவது ஒருமுறை செய்து பார்க்கலாம். தினமும் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். பயிற்சியைச் சிறுநீர் கழித்த பிறகு செய்யுங்கள். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று.

கணக்கு கேட்பவர்களுக்கு: ஒரு வேளைக்கு எட்டுக்குக் குறையாத சுருக்கம், நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம், கற்றுக்கொடுப்பவரின் மேற்பார்வையில். பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்வது இது. ஒவ்வொன்றையும் முடிந்த அளவு பிடித்து, எட்டு முதல் பத்து வினாடிவரை போகலாம், அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். தளர்த்துவதை விட்டுவிட்டு இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். இது ஏன் முக்கியம் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மார்ச் 20

எனக்கு முதலில் பலித்தது பலம் இல்லை, நேரம். தும்மல் வரப்போகிறது என்று மூக்குக்குத் தெரியுமே, அந்த நொடியில் தசையை இழுத்துப் பிடித்துவிட்டுத் தும்ம வேண்டும். இருமலுக்கும் குடம் தூக்கவும் அப்படியே. 1998இல் அமெரிக்காவில் இதை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். ஒரே வாரத்தில் பல பெண்களுக்குக் கசிவு நன்றாகக் குறைந்தது. சாக்பீஸ் தூளில் எனக்குப் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை.

மார்ச் 29

இழை கர்ப்பிணிகள் பக்கம் திரும்பிவிட்டது. நல்லதுதான்.

ஆம்பூர்த் தங்கை: ஏழாம் மாதம், ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் வேலை, முன்பக்க எலும்பிலும் பிட்டத்துக்கு மேலும் வலி, படுக்கையில் புரண்டால் உயிர் போகிறது என்கிறீர்கள். இடுப்பு வளைய வலியாகத்தான் தெரிகிறது. பிசியோதெரபிஸ்ட் பார்த்து உறுதி செய்யட்டும். அதுவரை: புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்து மொத்தமாகத் திரும்புங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. உள்பாவாடையோ சுடிதாரோ, உட்கார்ந்துதான் போடவேண்டும், ஒற்றைக்காலில் நிற்கக் கூடாது. படி ஏறினால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுங்கள். மூத்த பிள்ளையை இடுப்பில் ஒரு பக்கமாகச் சுமப்பதை நிறுத்துங்கள். இடுப்புப் பட்டை சிலருக்கு உதவுகிறது. அளவு பார்த்துக் கட்டிவிடச் சொல்லுங்கள், மருந்துக்கடையில் கிடைத்ததை வாங்காதீர்கள்.

மெஷினை மிதிக்கும் கால் எது என்று பார்த்தீர்களா? வலி அந்தப் பக்கமா? வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் டாக்டர் சீட்டோடு கேளுங்கள்.

மார்ச் 29, சற்று நேரம் கழித்து

பீடி சுற்றும் அம்மாக்களும் இதைப் படிக்கிறார்கள் போலிருக்கிறது. முறத்தை மடியில் வைத்துச் சம்மணம் போட்டுக் காலையிலிருந்து மாலைவரை உட்காருவது இந்த வலிக்கு ஆகாது. கூலி எண்ணிக்கைக்கு என்பதால் எழுந்திரிக்கச் சொல்வது எனக்கு எளிது. சுவரில் முதுகைச் சாய்த்து, கீழே மடித்த போர்வை போட்டு, ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நடந்துவிட்டு உட்காருங்கள். வீட்டில் பெஞ்சு இருந்தால் அதில்.

மார்ச் 30

முக்கியமானது, தனியாக எழுதுகிறேன். கர்ப்பத்தின் பின்மாதங்களில் கசிவு என்றால் அது சிறுநீர்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். நிறமில்லாமல், சிறுநீர் வாடை இல்லாமல், அடக்கப் பார்த்தும் நிற்காமல் வந்தால் பனிக்குடத் தண்ணீராக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உடனே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, பிரசவத்துக்குப் பிறகும்கூட. தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் நின்றாலும் அப்படியே. இவற்றுக்குப் பிசியோதெரபி இல்லை.

ஏப்ரல் 6

வயிற்றில் துணி கட்டுவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அணைக்கட்டுக்காரர் ‘எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்று வயிறு ஒட்டி இருந்தாள், துணி கட்டியதால்தான்’ என்கிறார். பாட்டி கிணற்றில் நீர் இறைத்தார், நாற்று நட்டார், நெல் குத்தினார். துணிக்கு ஏன் அத்தனை பெருமையும்?

பிள்ளை பெற்றதும் வயிற்றின் நடுக்கோடு அகன்று இரண்டு பக்கத் தசைகளும் விலகி நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் எட்டு வாரங்களில் நிறையவே நெருங்கிவிடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தலையைத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் காட்டுங்கள். தூக்கும்போது நடுவில் மேடு எழும்பினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். தொப்பை குறைய என்று படுத்து எழும் பயிற்சியை நாற்பதாம் நாளே தொடங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணி தசையை ஒட்டவைப்பதில்லை. ஆனால் பச்சை உடம்போடு எழுந்து நடக்கும்போது ஒரு தெம்பு தருகிறது, குறிப்பாகச் சிசேரியன் தையலுக்கு. அதற்காகக் கட்டலாம். மூச்சு முட்டக் கட்டினால் வயிற்றின் அழுத்தம் எங்கே போகும்? கீழேதான்.

ஏப்ரல் 7

அணைக்கட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். பாட்டியைக் குறை சொல்லவில்லை ஐயா. பாட்டிக்கும் கசிந்ததா இல்லையா என்று உங்களிடம் சொல்லியிருப்பாரா என்பதை மட்டும் யோசியுங்கள்.

ஏப்ரல் 13

விஷயத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ‘வேலூரில் இதெல்லாம் இப்போது வந்த நாகரிகம்’ என்றார் ஒருவர். இந்த ஊரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் மருத்துவம் தொடங்கியதே 1900இல், பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டுதான். அவர் தொடங்கியதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தில் இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966இல் வந்தது அவரால்தான். பிரசவம் பார்க்க நினைத்தவர் உடம்பை மீண்டும் இயங்கவைக்கும் மருத்துவத்தை இங்கே வேரூன்றவைத்திருக்கிறார். இரண்டும் இந்த ஊருக்குப் பழையவை.

ஏப்ரல் 21

ஒரு தங்கை தனிச்செய்தியில் எழுதினார். பெயர் இல்லாமல் எழுதச் சம்மதித்தார். மணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. தாம்பத்தியத்தில் எரிச்சலும் வலியும், முழுதாக நடந்ததே இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டு இறுக்கும் பயிற்சியைத் தொடங்கினாராம். வலி கூடிவிட்டது.

தளர்த்துவதை வலியுறுத்தியது இதற்காகத்தான். சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். அவர்களுக்கு வைத்தியம் தலைகீழ்: வயிறு எழும்ப ஆழ்ந்த மூச்சு, அந்த மூச்சோடு தசையை இறங்கவிடுதல், பிறகு சிறியதிலிருந்து பெரியதாக டைலேட்டர்கள் (உள்ளே வைத்துப் பழகும் வழவழப்பான குச்சிகள்), எல்லாம் அந்தப் பெண்ணின் கையாலேயே, அவர் வேகத்தில். அதற்குமுன் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) போன்ற காரணங்கள் இல்லை என்று மகப்பேறு மருத்துவர் பார்த்துவிட வேண்டும்.

‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று இவருக்குச் சொன்னது இவருடைய அம்மா மட்டும் இல்லை, ஒரு டாக்டரும்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு பழகினால் அடுத்த முறை உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். கணவர் நல்லவர், அவசரப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறார். அவரையும் கூட அழைத்துப் போங்கள். வைத்தியத்துக்கு அது உதவும்.

மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கெட்டியான சிறுநீர் பையை உறுத்தி, போகவேண்டும் என்ற உணர்ச்சியைக் கூட்டும். மலமும் இறுகும், முக்குவீர்கள், தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

ஆசிரியைகளுக்குத் தனியாக ஒன்று. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாததால் காலை எட்டரையிலிருந்து மாலைவரை அடக்குகிறோம். வீட்டிலிருந்து கிளம்புமுன் வருகிறதோ இல்லையோ ‘எதற்கும் போய்விட்டு வருவோம்’ என்று போகிறோம். இரண்டும் கெட்ட பழக்கம். அரைகுறையாக நிறைந்த பைக்கே அவசரம் என்று பழகிவிடுகிறது. அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, தசையை நாலைந்து முறை சட்சட்டென்று இழுத்து, அலை தணிந்த பிறகு நடந்து போகவேண்டும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவேண்டும். இதையும் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். தாழ்ப்பாளுக்கு அவரிடம் மருந்து இல்லை. தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறோம்.

மே 18

ஆரணி வாசகர் தன் அம்மாவுக்காகக் கேட்கிறார். வயது 64, கீழே உருண்டையாக ஏதோ இறங்கி வருகிறதாம், மாலையில் அதிகமாம், நாள்பட்ட இருமலும் உண்டாம். வெளியே வந்து நிற்கும் அளவுக்கு இறங்கியதைப் பயிற்சி மேலே ஏற்றிவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தொடக்க நிலையில் இருந்தால் பாரமும் இழுப்பும் குறையும், அது மெய். அதற்கு மேல் உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது. அறுவை சிகிச்சை வேண்டாதவர்களும் முடியாதவர்களும் வருடக்கணக்கில் அதோடு நன்றாக இருக்கிறார்கள். அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்து சோதிக்கவேண்டும், வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அம்மாவின் நாள்பட்ட இருமலுக்கு முதலில் மருந்து வாங்குங்கள். அடுப்பங்கரைக்குத் தண்ணீர்க் குடத்தை இனி நீங்கள் தூக்குங்கள். மகன்தானே நீங்கள்?

ஜூன் 1

ஒரு மறுயோசனை. பிள்ளை பெற்ற எல்லோரும் கட்டாயம் இந்தப் பயிற்சியைச் செய்யவேண்டும் என்று இந்த இழையில் பலர் எழுதுகிறீர்கள். எனக்கும் அந்த வேகம் இருந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022இல் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்புக்குக் கொடுத்த பரிந்துரையில், கசிவே இல்லாதவர்கள் வருமுன் காப்பதற்கென்று பிரசவத்துக்குப் பிறகு வழக்கமாகத் தொடங்குவதைப் பரிந்துரைக்கவில்லை. கசிவு உள்ளவர்களுக்குப் பலன் உண்டு என்றுதான் சொல்கிறது. வருமுன் காக்கவேண்டும் என்றால் கர்ப்பத்திலேயே தொடங்கியவர்களுக்குத்தான் ஆதாரம் நன்றாக இருக்கிறது. ஆகவே கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் கிடப்பவரிடம் இன்னொரு கடமையை ஏற்றாதீர்கள். கர்ப்பிணியிடம் சொல்லுங்கள்.

ஜூன் 8

பேரணாம்பட்டுத் தங்கை திரும்பி வந்து எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? வேறு மருத்துவர் ஸ்கேன் பார்த்துக் கர்ப்பப்பையில் கோளாறு இல்லை என்றிருக்கிறார். பயிற்சி நடக்கிறது. ‘தும்மலுக்கு நின்றுவிட்டது, குடத்துக்கு நிற்கவில்லை’ என்கிறார். எனக்கும் கடுஞ்சளி பிடித்தால் இன்றுவரை ஒன்றிரண்டு சொட்டு உண்டு. மூன்று மாதம் முழுதாகச் செய்த பிறகும் குடத்துக்குக் கசிந்தால் அடுத்த வழிகளைப் பேசலாம். கசிவுக்கென்றே உள்ள அறுவை சிகிச்சைகள் வேறு.

தூரம் போக முடியாது என்பவர்கள்: 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பெரும்பாலும் பக்கவாதக்காரர்களுக்காக வருகிறார். இடுப்புத் தளப் பயிற்சி கற்றவரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் எங்கே அனுப்புவார் என்று கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் சொல்லியும் கேட்கலாம்.

ஜூன் 14

வாலாஜா வங்கி அக்கா, நீங்கள் அனுப்பிய மூன்று நாள் குறிப்பேட்டைப் பார்த்தேன். குடித்தது, கழித்தது, கசிந்தது எல்லாம் நேரத்தோடு அழகாக இருக்கிறது. அளந்து எழுதியதும் நல்லது, அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். ஆனால் மூன்று நாளும் காபி என்ற சொல்லே காணோம். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு நாளெல்லாம் தண்ணீர் மட்டும் குடித்தீர்கள் என்றால் நம்ப நான் தயாரில்லை. காபி பையை முடுக்கிவிடும் என்பதால்தான் அதை முதலில் தேடுவார்கள். திங்கள் முதல் மறுபடி எழுதுங்கள், பதினொரு மணிக் காபியையும் மேலாளர் அறையில் குடிப்பதையும் சேர்த்து.